பன்னிரண்டு நாற்பது, ஜன்னலோர மேஜை

என் வீட்டுக்காரருக்கு வேலை பஸ்களுக்கு நேரம் குறிப்பது. நகரப் போக்குவரத்து அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு வரும் என்று முடிவு செய்வார். வருமா என்பது வேறு இலாகா. அவருடைய தாளில் பஸ் எப்போதும் சரியான நேரத்துக்குத்தான் வருகிறது; ரோட்டில்தான் அது கெட்டுப்போகிறது. ஆபீஸில் அவருக்கு ‘அரை நிமிஷம்’ என்று பட்டப்பெயர். அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நானும் திருத்தவில்லை.

நான் ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடும் கடுகடு முகத்தோடும் வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையைப் பிடித்து நரம்பு தேடுவது என் வேலை. எங்கள் பகுதியில் பாதிப் பேரை முகத்தைவிட முழங்கை மடிப்பை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும்.

எங்கள் ஊர் டவர் உலகப் புகழ் பெற்றது. சாவிக்கொத்து, டீ டப்பா, போலீஸ் தொப்பி, குப்பை லாரி என்று அதன் படம் இல்லாத இடமில்லை. எங்கள் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அதன் உச்சி ஒரு விரல் உயரத்துக்குத் தெரியும். எங்கெங்கோ இருந்து விமானம் பிடித்து வந்து ஏறிவிட்டுப் போகிறார்கள். இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் ஒருமுறைகூட ஏறியதில்லை. உள்ளூர்க்காரர்கள் ஏறினால் கௌரவம் குறைந்துவிடும்.

அந்த கௌரவத்தைக் கெடுக்க வந்து சேர்ந்தார் என் நாத்தனார். இவருக்கு ஏழு வயது மூத்தவர். பத்து நாள் தங்குவதற்கு மூன்று பெட்டிகளோடு வந்தார். ஒரு பெட்டியில் துணி, இரண்டு பெட்டியில் தின்பண்டம். வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

“நான் டவர் ஏறாம ஊர் திரும்ப மாட்டேன். எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அதுக்கென்னக்கா, போலாம். பிளான் பண்றேன்,” என்றார் இவர். சாதாரண மனிதர்கள் பிளான் பண்ணினால் டிக்கெட் வாங்குவார்கள். இவர் பிளான் பண்ணினால் பிரிண்டர் மை தீர்ந்துபோகும்.

மூன்று மாதமாகவே மனுஷர் ஒரு தினுசாகத்தான் இருந்தார். விடிந்ததும் எழுந்து நடக்கப் போனார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எதையாவது கொறித்தார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. ஆபீஸில் யாரோ புதிதாக வந்திருக்கிறாள் என்று நான் முடிவு கட்டி, அவருடைய மேலதிகாரியின் மனைவியிடம் ஜாடையாக விசாரித்தும் பார்த்தேன். புதிதாக வந்திருந்தது ஒரு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் மட்டும்தான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு பிரதி வைத்தார். பிளாஸ்டிக் உறை போட்டது.

“மழை வந்தா நனையாது,” என்றார்.

ஐந்து கட்டங்கள். நேரம், இடம், திட உணவு, திரவம், பொறுப்பு. திரவம் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு நான், “தண்ணின்னு போட்டா கேவலமா?” என்றேன்.

“தண்ணி இருக்கு, ஜூஸ் இருக்கு, டீ இருக்கு. பொதுவா திரவம்.”

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் எங்கள் மகள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தாள். “அப்பா, ‘10.20: கடைசிக் கழிவறை’ன்னு போட்டிருக்கு. கடைசின்னா? அதுக்கப்புறம் வாழ்க்கையிலேயே கிடையாதா?”

“முதல் தளம் போற வரைக்கும் கிடையாது. ஒன்றரை மணி நேரம். அதனாலதான் 9.40-லேருந்தே திரவத்தைக் குறைச்சிருக்கேன்.”

“எனக்கு வர்றப்ப வரும்டா தம்பி,” என்றார் நாத்தனார். “உன் பேப்பரைக் கேட்டுட்டா வரும்?”

“பழக்கினா வரும்க்கா.”

நான் என் பங்குக்கு ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். “10.45, வாழைப்பழம், அடைப்புக்குறிக்குள்ள ஒன்று. ஏங்க, ரெண்டு சாப்பிட்டா டவர் சாஞ்சிடுமா?”

மகள் சிரித்தாள், நாத்தனார் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. “11.45-க்கு ஆளுக்கு ஒரு ஆரஞ்சு. அதையும் சாப்பிடணும். வயித்தைக் காயப் போட்டுட்டு யாரும் மேல ஏறக் கூடாது,” என்றார்.

திட்டத்தின் உயிர்நாடி 12.40. டவரின் மேல் தளத்தில் ஓர் உணவகம் இருக்கிறது. ஜன்னலோரமாக நான்கு பேருக்கான மேஜையை மூன்று வாரம் முன்பே பிடித்து வைத்திருந்தார். பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் மேஜை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று முன்பதிவை உறுதிசெய்து வந்த கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் பொடி எழுத்துக்கு இவர் சிவப்பு மையில் கோடு வேறு இழுத்திருந்தார்.

“சாயங்காலம் போனா சூரியன் மறையறதைப் பார்க்கலாமேப்பா,” என்றாள் மகள்.

“சாயங்காலம் கூட்டம். கூட்டம்னா தாமதம். தாமதம்னா சாப்பாடு தள்ளிப் போகும்.”

“தள்ளிப் போனா என்னப்பா?”

“தள்ளிப் போகக் கூடாது,” என்று சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். மந்திரி சபைக் கூட்டம் முடிந்தது.

சனிக்கிழமை 9.10-க்குக் கிளம்ப வேண்டியது, நாத்தனாரின் கொண்டை ஊசி ஒன்று காணாமல் போனதால் 9.16 ஆயிற்று. அந்த ஆறு நிமிஷத்துக்கு அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தால், ஊசியை விழுங்கியது அவர்தானோ என்று தோன்றும். பஸ்ஸில் ஏறியதும் பேனாவை எடுத்துத் தாளில் ஏதோ திருத்தினார். அந்த பஸ்ஸுக்கும் நேரம் குறித்தவர் இவர்தான். பஸ் ஒன்பது நிமிஷம் தாமதமாக வந்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. குடும்பம் என்றால் சிலதை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

டவரின் வாசலில் பரிசோதனை. கையுறை போட்ட ஒரு காவல்காரப் பெண், பைகளைத் திறந்து மேஜையில் கொட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி. வெளியிலிருந்து கொண்டுவரும் உணவோ பானமோ உள்ளே போகக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பொடி எழுத்தெல்லாம் படிக்கும் எங்கள் ஆள், ஆள் உயரப் பலகையை எப்படிக் கோட்டை விட்டார் என்று கேட்டேன்.

“போன வாரம்தான் மாத்தியிருக்காங்க. வெப்சைட்ல இல்ல,” என்றார். உதடு வெளுத்திருந்தது.

நாத்தனாரின் பையிலிருந்து முறுமுறு சமாசாரங்கள் பொட்டலம் பொட்டலமாக வந்துகொண்டே இருந்தன. காவல்காரப் பெண் ஒரு கட்டத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “பாட்டில், பழம், எல்லாத்தையும் போட்டுடுங்க. மேல கடை இருக்கு,” என்றாள். வாழைப்பழம் போயிற்று. ஆரஞ்சு போயிற்று. நாத்தனார் ஒரு பொட்டலத்தை அங்கேயே பிரித்து, “வீணாப் போகாம இருக்கட்டும்,” என்று அவளுக்கே பாதி கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டாள். பிறகு இவருடைய பேன்ட் பாக்கெட்டில் ஏதோ புடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

கை அடக்கமான ஒரு ஜூஸ் டப்பா. குழந்தைகள் பள்ளிக்குக் கொண்டுபோவது, பக்கவாட்டில் உறிஞ்சுகுழல் ஒட்டியது.

“இதை மட்டும் விடுங்க,” என்றார் இவர்.

“முடியாது சார்.”

“ரொம்பச் சின்னது. திறக்கவே இல்ல பாருங்க.”

“எல்லாருக்கும் ஒரே விதிதான் சார்.”

“கொஞ்சம் உங்க மேலதிகாரியைக் கூப்பிடுங்க.”

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பின்னால் வரிசை உச்சுக்கொட்ட ஆரம்பித்தது. ஐம்பத்தோரு வயது மனிதர், வீட்டில் ஒரு கல்லூரிக்குப் போகிற பெண்ணை வைத்துக்கொண்டு, உறிஞ்சுகுழல் டப்பாவுக்காக மல்லுக்கு நிற்கிறார். பூர்விகச் சொத்தைப் பிடுங்கினால்கூட இவ்வளவு வாதாட மாட்டார். நான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். “என்னங்க இது, பால் மறக்காத குழந்தையா நீங்க? குடுத்துட்டு வாங்க.”

காவல்காரப் பெண் கொஞ்சம் தணிந்த குரலில், “சார், உடம்பு சம்பந்தமா ஏதாவது இருந்தா சொல்லுங்க. அதுக்கு விடலாம்,” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்று சொல்லி, டப்பாவைத் தானே தொட்டிக்குள் போட்டார்.

முதல் தளம் வரை படி, அங்கிருந்து லிப்ட் என்பது திட்டம். கீழே லிப்ட் வரிசை நீளமாக இருக்கும், படிக்கட்டு வரிசை சின்னதாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு சரிதான். புத்தி உள்ளவர்கள் யாரும் படி ஏற மாட்டார்கள் என்பதால்தான் வரிசை சின்னதாக இருந்தது. முந்நூற்று நாற்பது படிகள், இரும்பில். கம்பிகளின் இடைவெளி வழியாகக் கீழே போகிற கார்கள் தெரிந்தன. நாத்தனார் முப்பது படிக்கு ஒருதரம் நின்று, “தம்பி, இந்த வயசுல என்னைக் கொல்றதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?” என்று விசாரித்தார். அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இவர் ஏறினார். மகள் முன்னால் போய் எங்களை வீடியோ எடுத்தாள்.

முதல் தளத்தை 11.52-க்கு அடைந்தோம். திட்டப்படி ஆரஞ்சு தின்றிருக்க வேண்டிய நேரம். அங்கே ஒரே ஒரு கடை. அதன் முன்னால் ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. ஒரே மாதிரி மஞ்சள் தொப்பியில் அறுபது, எழுபது பிள்ளைகள். ஒவ்வொன்றும் ஐஸ்கிரீமைப் பார்த்து, யோசித்து, மாற்றி, அழுது, வாங்கியது. இவர் கடையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி கடையைப் பார்த்தார்.

“வேண்டாம். இங்க நின்னா லிப்டை விட்டுடுவோம். 12.40-க்குச் சாப்பாடே வந்துடும்,” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

12.10-க்குக் கழிவறைக்குப் போய்விட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“அட்டவணையில இது இல்லையே,” என்றேன்.

“கொஞ்சம் தண்ணி குடிச்சேன். குழாய்ல,” என்றார். திரவம் என்று சொல்லாதபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மேல் தளத்துக்கு இரண்டு லிப்ட். ஒன்றில் ‘பராமரிப்பு, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று பலகை தொங்கியது. இன்னொன்று போய், வெகுநேரம் மேலேயே இருந்து, யோசித்து இறங்கியது. வரிசை நகரவே இல்லை. பன்னிரண்டரை ஆயிற்று. 12.40 வந்தது, போயிற்று. நான் அவரைக் கடைக்கண்ணால் பார்த்தேன். வழக்கமாக இந்த மாதிரிச் சமயத்தில் லிப்ட் ஓட்டுகிறவனுக்கு அட்டவணை போடுவது எப்படி என்று பாடம் எடுக்கப் போய்விடுவார். அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். சரி, வாழ்க்கையில் முதல்முறையாக நிலைமையை ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார் என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

“பத்து நிமிஷம் சலுகை இருக்குப்பா. 12.50 வரைக்கும்,” என்றாள் மகள், அவரைத் தேற்றுவதற்காக.

“வாயை மூடு,” என்றார்.

அவர் அவளிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனார், “பசி வந்தா இவனுக்குச் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்,” என்று சமாளித்தார்.

மேல் தளத்தில் கதவு திறந்தபோது மணி 1.08. உணவக வாசலில் உயரமான ஒரு மேசைக்குப் பின்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத ஓர் இளைஞன் நின்றான். பெரிய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டான். அதற்கென்றே பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

“மன்னிக்கணும் சார். 12.50-க்கே உங்க மேஜையைக் குடுத்துட்டோம். அடுத்தது மூணே காலுக்கு இருக்கு.”

“நாற்பத்தேழாம் நம்பர் கிளம்பிடுச்சா?” என்றார் இவர்.

“சார்?”

“நாற்பத்தேழு. பாலத்துக்கு அந்தப் பக்கம் போறது. டிரைவர் எங்க?”

இளைஞன் என்னைப் பார்த்தான். நானும் கேலி பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருதரமாவது நகைச்சுவை வரக் கூடாதா? பிறகு அவர் நெற்றியைப் பார்த்தேன். ஏசி காற்று வீசுகிற இடத்தில், வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தேன். ஈரத் துணிபோலச் சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின.

இந்தக் கை எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருவராவது என் நாற்காலியில் இப்படிச் சரிவார்கள். அதிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ரத்தம் கொடுக்க வந்து, என்னைத் தங்கள் மகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நடை, சர்க்கரை இல்லாத டீ, இளைத்த இடுப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கொறிப்பு. இதை எல்லாம் வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால், வாக்கியம் முடிவதற்குள் பரிசோதனைச் சீட்டை நீட்டியிருப்பேன். சொந்த வீட்டில் நான் கண்டுபிடித்தது ஒரு கள்ளக் காதலியை; அதுவும் தண்ணீர் மெஷினாகப் போயிற்று.

“ஏங்க, என்னைப் பாருங்க. சுகர் மாத்திரை போட்டீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார், எங்கோ தூரத்திலிருந்து பார்ப்பதுபோல. “பத்துக்கு… பன்னண்டு பத்துக்கு,” என்றார். “சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி.” முழங்கால் மடங்கியது.

நாத்தனார் “ஐயோ தம்பி!” என்று போட்ட சத்தத்தில் டவரின் கண்ணாடிகள் தாங்கியதே பெரிய விஷயம். மகள் ஓடிவந்து அவரைத் தாங்கிச் சுவரோரம் உட்கார வைத்தாள்.

“சர்க்கரை வேணும். உடனே,” என்றேன் அந்த இளைஞனிடம்.

“மேடம், உள்ள போகணும்னா முன்பதிவு—”

அவனை என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. தள்ளவில்லை என்றுதான் நான் சொல்வேன். மகளின் சாட்சியம் வேறு மாதிரி இருக்கிறது. உள்ளே முதல் மேஜையில் வயதான இரண்டு அம்மாக்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கிண்ணம் நிறைய சர்க்கரைப் பொட்டலங்கள். எதுவும் சொல்லாமல் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டேன். அவர்களில் ஒருவர், “பால் வேணுமாம்மா?” என்று மட்டும் கேட்டார். இன்னொருவர் தன் தண்ணீர் டம்ளரையும் தூக்கிக்கொண்டு, தடியை ஊன்றி என் பின்னாலேயே வந்துவிட்டார்.

ஐந்து பொட்டலங்களைக் கிழித்துத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். “முழுங்குங்க. மெதுவா.” விழுங்கினார். பாதி சட்டையில் வழிந்தது. இன்னும் இரண்டைக் கிழித்து நேராக வாயில் போட்டேன். தரையில் மண்டியிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி காத்திருந்தேன். உலகப் புகழ் பெற்ற காட்சி என் முதுகுக்குப் பின்னால் நான்கு பக்கமும் இருந்தது. டம்ளர் கொண்டுவந்த அம்மா பக்கத்தில் நின்று, “என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான். பிஸ்கட் வெச்சுக்கச் சொன்னா கேக்க மாட்டார். ஒருநாள் ஜவுளிக்கடையில விழுந்தார்,” என்று ஆறுதல் சொன்னார்.

பத்து நிமிஷம் இருக்கும். கண்ணில் ஆள் திரும்பி வந்தார். சுற்றிலும் பார்த்தார். முதலில் கேட்டது, “மணி என்ன?”

“கேட்டா கொன்னுடுவேன்,” என்றேன்.

அதற்குள் உணவக மேலாளர் வந்திருந்தார். வாசலில் ஒரு மனிதர் சட்டையில் சர்க்கரைப் பாகு வழிய உட்கார்ந்திருப்பது வியாபாரத்துக்கு நல்லதில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மூணே காலுக்குத்தான் என்ற மேஜை அந்த நிமிஷமே முளைத்தது; அதுவும் ஜன்னலோரத்தில். ரொட்டி, சூப், முட்டை எல்லாம் கேட்பதற்கு முன்னால் வந்தன. முன்பதிவு, உறுதிக் கடிதம், சிவப்புக் கோடு எதற்கும் அசையாத இடத்தில், மயக்கம் போட்டு விழுந்தால் காரியம் நடக்கிறது.

அவர் சாப்பிட்டார். நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி ரொட்டி போனபின் நான் ஆரம்பித்தேன்.

“எத்தனை மாசமா?”

“மூணரை.”

“எங்க பார்த்தீங்க? என் லேபுக்கு வரலையே.”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற லேப்.”

“அங்க ரத்தம் எடுக்கிறது யார் தெரியுமா? என்கிட்ட தொழில் கத்துக்கிட்டுப் போனவ. அவ எனக்குச் சொல்லவே இல்ல பாருங்க!”

“சொல்ல மாட்டேன்னுதான் சொன்னா. நோயாளியோட ரிசல்ட்டை யார்கிட்டயும் வெளிய விடக் கூடாதுன்னு உங்க மனைவிதான் சார் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னா.”

மகள் சூப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. எனக்குக் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் சுற்றியது.

“அந்த ஜூஸ் டப்பா,” என்றேன். “அந்தப் பொண்ணு தெளிவாக் கேட்டாளே, உடம்புக்கு ஏதாவதான்னு. ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?”

அவர் கத்தியைத் தட்டில் வைத்தார். “நீ தினம் சாயங்காலம் வந்து ஒரு கதை சொல்வே. ‘இன்னைக்கு ஒருத்தர்’னு ஆரம்பிப்பே. பேர் சொல்ல மாட்டே. ‘இன்னைக்கு ஒருத்தர், நாக்கைக் கட்டத் துப்பில்லாத மனுஷன், முந்நூறு சுகரோட வந்து நான் ஸ்வீட்டே தொடறதில்லைன்னு சத்தியம் பண்றார்’னு சொல்லிச் சிரிப்பே. நாங்களும் சிரிப்போம். நல்லாத்தான் சொல்வே.” கொஞ்சம் தண்ணீர் குடித்தார். “ரிசல்ட் வந்த அன்னைக்கு நானும் முந்நூறு. அந்த ஒருத்தரா இருக்க வேண்டாம்னு பார்த்தேன்.”

நான் பதில் தயாராக வைத்திருக்கிற ஆள். கடைக்காரனிடம், டாக்டரிடம், என் மாமியார் இருந்தவரைக்கும் மாமியாரிடம் எனக்கு வாய் அடைத்ததே இல்லை. அன்றைக்கு ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தேன். ஒரே துண்டுக்கு இரண்டு பக்கமும் தடவிவிட்டேன்.

“அதுக்காக இருபது பக்கம் அட்டவணை போட்டு எங்களையும் சேர்த்து வாழைப்பழம் தின்ன வெப்பீங்களா?” என்றேன் கடைசியில்.

“நான் மட்டும் ரெண்டு மணிக்கொரு தரம் சாப்பிட்டா கேப்பியே. எல்லாருக்கும்னு போட்டா கேக்க மாட்டேன்னு நினைச்சேன்.”

நாத்தனார் இதுவரை வாயே திறக்காமல் இருந்தது உலக அதிசயம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாலு பக்கம்தான்டி. இருபதுன்னு ஏன் ஏத்தறே,” என்றார். தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டார்.

மகள் மெல்ல, “அப்பா, வாயை மூடுன்னீங்களே…” என்றாள்.

“நானா? எப்போ?” அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. “லிப்ட் வரிசையில. பன்னண்டு ஐம்பது வரைக்கும் இருக்குன்னேனே, அப்போ,” என்றாள். அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “அது நான் இல்லம்மா. அது பன்னண்டு ஐம்பது.”

அப்புறம்தான் ஜன்னல் பக்கம் திரும்பினோம். ஊர் முழுக்கத் தெரிந்தது. எங்கள் வீட்டைத் தேடினோம். ஆளுக்கொரு கூரையைக் காட்டினோம், நாலும் தப்பு. நாத்தனார் போட்டோவுக்கு நின்றார். வெளிச்சம் எதிரில் இருந்ததால் எல்லாப் படத்திலும் முகம் கறுப்பாக விழுந்தது. தெருவில் காட்டுவதற்கு அதுவே போதும் என்றார். இறங்கும்போது லிப்டில் இறங்கினோம். வாசலில் அதே காவல்காரப் பெண் இருந்தாள். இவர் அவளிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

அதன்பிறகும் நான் அவரை என் லேபுக்கு வரச் சொல்லவில்லை. “அங்கேயே குடுங்க. அவ நல்லா எடுப்பா, வலிக்காது,” என்றேன். டாக்டரிடம் மட்டும் கூடவே போனேன். மாத்திரையின் அளவைக் குறைத்தார். சாப்பாட்டுத் தட்டு கண்ணில் பட்ட பிறகுதான் போட வேண்டும் என்றார். சாயங்காலக் கதைகளையும் நிறுத்திப் பார்க்கிறேன். முதல் வாரம் வியாழக்கிழமை அபாரமான ஒருத்தர் வந்தார், என்னிடம் அடைபட்டுக் கிடக்கிறார். மிகவும் கஷ்டமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் சர்க்கரையை விட்டதைவிட இது கஷ்டம் என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நாத்தனார் ஊர் போய்ச் சேர்ந்தார். ரகசியத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கிளம்பும்போது என் தலையில் கை வைத்தார். அவர் ரயிலை விட்டு இறங்கிய சாயங்காலமே முதல் போன் வந்தது, சித்தப்பாவிடமிருந்து. அப்புறம் ஒன்றுவிட்ட அண்ணன், அண்ணனின் சம்பந்தி, எப்போதோ பக்கத்து வீட்டில் இருந்தவர். ஆளுக்கொரு இலை, ஆளுக்கொரு வேர். ஒருவர் மாத்திரையைத் தூக்கி எறியச் சொன்னார். ஒருவர் தினம் தலைகீழாக நிற்கச் சொன்னார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவருடைய பெரியம்மா கூப்பிட்டார். எண்பது வயதிலும் குரல் வெண்கலம். இவர் போனைப் பார்த்ததும் என் மடியில் போட்டுவிட்டு, கையைக் கூப்பி, நான் இல்லை என்று சைகை செய்தார். நான் ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்தேன்.

“இதோ பக்கத்துலதான் இருக்கார் பெரியம்மா. சொல்லுங்க, எழுதிக்கிறார்.”

“எழுதிக்கோப்பா,” என்றார் பெரியம்மா. “மொத்தம் பதினோரு இலை. முதல்ல அதோட பேரைச் சொல்றேன்.”

அவர் என்னை முறைத்துக்கொண்டே பேனாவைத் தேடினார்.